மரத்தில் வெட்டிய முகம்

உருவப்படம் ஒன்றைக் காண்பார் முதற்கண் எழுப்பும் வினா, 'ஆளை ஒத்திருக்கின்றதா?' என்பதாகும். செருமானிய ஓவியர் எரிக் ஹெக்கல் (1883-1970) 1919-இல் ஆக்கிய 'மனிதன் உருவம்' என்னும் வண்ண மரச்செதுக்குப் படத்திற்கு இவ்வினா போதாது. அதனை எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் ஆக்கமுறையை அறிதல் நலம். பலகையில் மை படவேண்டாத இடங்களை உளியாலும் கத்தியாலும் அகழ்ந்தெடுப்பர். மேடாய் எஞ்சும் பகுதியே மை ஏற்றுத் தாளில் பதியும். தூரிகை குழைவது போல உளி குழையாது. மரத்தின் இழை அதனைத் தடுக்கும். ஆதலின் கோடு முறிந்தும் கூர்த்தும் அமைதல் எளிது. 1905-இல் திரெசுடன் நகரில் ஹெக்கலும் நண்பர் மூவரும் நிறுவிய 'பாலம்' என்னும் ஓவியர் குழு, இவ்வியல்பைக் குறையெனக் கொள்ளாது ஆற்றலெனக் கொண்டது. உணர்ச்சி வெளிப்பாட்டு நெறி அக்குழுவினரால் வலுப்பெற்றது.

இனிப் படத்தைக் காண்போம். நீண்ட முகம், ஒட்டிய கன்னம், மோவாயருகே கோத்த கைகள், நம்மை நோக்காது விலகிய கண்கள். முகத்தில் படர்ந்த பசுமை மனிதத் தோலின் நிறமன்று. உள்ளத்து அயர்வின் நிறம் எனலாம். முதல் உலகப்போரில் ஹெக்கல் பிளாண்டர்சுப் பகுதியில் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றினார். போர் ஓய்ந்த மறு ஆண்டில் எழுந்தது இப்படம். எனினும், அவ்வரலாற்றை அறியாதாரும் இம்முகத்தின் அயர்வை உணர்வர். அதனை உணர்த்துவது வாழ்க்கைக் குறிப்பன்று; உளியின் வெட்டே.

இம்முகம் ஹெக்கலின் முகமே. ஆயினும் தலைப்பு அதனைக் கூறவில்லை. அகப்பாடலில் தலைமக்களின் பெயர் சுட்டலாகாது என்னும் தொல்காப்பிய மரபு பயின்ற நமக்கு இதன் பயன் எளிதிற் புலனாகும். ஹெக்கல் அம்மரபை அறிந்தார் என்பது எம் கருத்தன்று. இரண்டிடத்தும் விளையும் பயன் ஒன்றே என்பதே கருத்து. பெயர் நீங்கிய அளவில் ஒருவன் துயர் பலர்க்கும் உரியதாகின்றது.

ஆகவே, 'யாரை ஒத்தது?' என வினவாது, 'எந்நிலையை உணர்த்துகின்றது? எதனால் உணர்த்துகின்றது?' என வினவுதலே இத்தகு படங்களைச் சுவைக்கும் நெறியாகும்.