மணிக்கு நாலு கிலோமீட்டர் கூட இல்ல, அப்புறம் ஏன் இவ்வளவு கஷ்டம்?

முதல்ல ஒரு சின்ன கணக்கு. தூரம் சுமார் 170 கிலோமீட்டர். முடிக்க 46½ மணி நேரம் தர்றாங்க. வகுத்துப் பாருங்க, மணிக்கு 3.7 கிலோமீட்டர் வேகம் போதும். ஹாஸ்டல்ல இருந்து மெஸ்ஸுக்கு நீங்க பேசிக்கிட்டே நடக்குற வேகம் இதைவிட அதிகமா இருக்கும். ஆனாலும் வருஷக்கணக்கா பயிற்சி எடுத்துட்டு வர்றவங்கள்லயே சுமார் மூன்றில் ஒரு பங்கு பேர் இந்த ஓட்டத்தை முடிக்காமல் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

ஓட்டத்தின் பெயர் அல்ட்ரா ட்ரெயில் டு மான்ட் பிளாங்க், சுருக்கமா யூடிஎம்பி. 2003ல் தொடங்கியது. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் கடைசியில், பிரான்ஸில் இருக்கும் ஷாமொனி ஊரில் கிளம்பி, இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியா ஆல்ப்ஸின் மிக உயரமான மலையான மான்ட் பிளாங்கை ஒரு சுற்று சுற்றி, மறுபடியும் ஷாமொனிக்கே வரணும். தார் ரோடு ரொம்பக் கம்மி. கல்லும் மண்ணும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதைதான் அதிகம். குறைந்தது ஒரு இரவு முழுக்கத் தலைவிளக்கு வெளிச்சத்தில் ஓடணும். மெதுவாகப் போகிறவர்களுக்கு இரண்டு இரவு.

2022ல் ஸ்பெயினின் கிலியன் ஜோர்னெட் இதை 19 மணி 49 நிமிடத்தில் முடித்து ஜெயித்தார். அவருடைய சராசரி வேகமே மணிக்கு 9 கிலோமீட்டரைத் தொடவில்லை. மாரத்தான் உலக சாதனை வேகம் மணிக்கு சுமார் 21 கிலோமீட்டர். எங்க போச்சு அந்த வேகம்?

ஏற்றம்: எரிபொருள் கணக்கு

வழியில் இருக்கும் எல்லா ஏற்றங்களையும் கூட்டினால் சுமார் 10,000 மீட்டர் வரும். புர்ஜ் கலிஃபாவின் உயரம் 828 மீட்டர். அதாவது அடியில் இருந்து உச்சி வரைக்கும் 12 தடவை ஏறுவதற்குச் சமம்.

இப்போ முதல் செமஸ்டர் பிசிக்ஸுக்குப் போவோம். ஆளும் பையும் சேர்த்து 70 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்க. நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் 68.6 லட்சம் ஜூல், அதாவது சுமார் 1,640 கிலோ கலோரி. இவ்வளவுதானான்னு தோணும். ஆனா நம்ம தசையின் செயல்திறன் 25 சதவீதம் அளவுக்குத்தான். அப்போ ஏறுவதற்கு மட்டுமே சுமார் 6,500 கிலோ கலோரி எரிக்கணும். 170 கிலோமீட்டர் முன்னால் நகர்வதற்கான செலவு தனி.

உடம்பில் கிளைகோஜனாகச் சேமித்திருக்கும் மாவுச்சத்து சுமார் 2,000 கிலோ கலோரிதான். ஓடிக்கிட்டே சாப்பிட்டாலும் குடலால் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்தைத்தான் உறிஞ்ச முடியும். அதாவது 240 முதல் 360 கிலோ கலோரி. மீதியைக் கொழுப்பில் இருந்து எடுக்கணும். கொழுப்பு நிறைய இருக்கு, ஆனா மெதுவாகத்தான் எரியும். வேகம் கூட்டினால் டேங்க் காலி. அதனால்தான் செங்குத்தான ஏற்றங்களில் ஜெயிக்கிறவர்களும் ஓடுவதில்லை, குச்சி ஊன்றி நடக்கிறார்கள்.

இறக்கம்: பிரேக் கணக்கு

கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவதால், 10,000 மீட்டர் ஏறினவர் 10,000 மீட்டர் இறங்கவும் வேணும். இறங்குறது ஈஸின்னு நினைப்போம். ஆற்றல் கணக்கில் அது உண்மைதான். 2002ல் வெளிவந்த மினெட்டி குழுவின் ஆய்வுப்படி, 20 சதவீத இறக்கத்தில் ஓடும்போது ஆகும் செலவு சமதளத்தில் ஆவதில் பாதிதான்.

பிரச்சினை தசையில். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கி, ஒவ்வொரு அடியிலும் பிரேக் போடுகிறது. இப்படி வேலை செய்யும்போது தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். எலெக்ட்ரிக் வண்டியில் பிரேக் போட்டால் கொஞ்சம் சார்ஜாவது திரும்ப ஏறும், நம்ம காலுக்கு அந்த வசதி இல்ல. மூச்சு நல்லா இருக்கு, வயிறு நல்லா இருக்கு, ஆனா தொடை படி இறங்க மாட்டேங்குது என்ற நிலைமையில் நிற்கிறவர்கள் நிறைய. முதல் பாதியில் இறக்கத்தில் சந்தோஷமா பாய்ந்ததற்கான பில் இரண்டாம் பாதியில் வரும்.

குளிர்: வெப்பக் கணக்கு

இதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. தசையின் செயல்திறன் 25 சதவீதம் என்றால் மீதி 75 சதவீதம் வெப்பம். மணிக்கு 700 மீட்டர் உயரம் ஏறுகிற 70 கிலோ ஆள் சுமார் 400 வாட் வெப்பம் வெளிவிடுகிறார், நாலு குண்டு பல்பு மாதிரி. அதனால் குளிரிலும் வியர்க்கும், சட்டை நனையும். களைத்துப்போய் உட்கார்ந்தால் அந்த வெப்பம் சுமார் 100 வாட்டுக்கு இறங்கிவிடும். மூணு பல்பு அணைஞ்சாச்சு, ஈரச் சட்டை மட்டும் அப்படியே இருக்கு.

இதோடு உயரத்தையும் சேருங்க. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். இத்தாலியின் கூர்மயூர் ஊர் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி வரும் கிராண்ட் கோல் ஃபெரே கணவாய் 2,537 மீட்டர். ஊரில் 10 டிகிரி என்றால் கணவாயில் 1 அல்லது 2 டிகிரி, அதுக்கு மேல காத்து வேற.

2021 மே 22 அன்று சீனாவின் கான்சூ மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் இதுதான் நடந்தது. திடீரென்று ஆலங்கட்டி மழை, உறைய வைக்கும் மழை, பலத்த காற்று. ஓடிய 172 பேரில் 21 பேர் இறந்தார்கள். தேர்ந்த வீரர்களும் அதில் இருந்தார்கள். அந்தப் போட்டியில் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் கட்டாயமாக இருக்கவில்லை, பலர் மெல்லிய உடையில் ஓடினார்கள்.

யூடிஎம்பியில் மழைநீர் புகாத ஜாக்கெட், உடல் வெப்பத்தைக் காக்கும் போர்வை, தலைவிளக்கு, விசில், மொபைல், கொஞ்சம் உணவு, குறைந்தது ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துப்போக வசதி எல்லாம் கட்டாயம். நடுவழியில் பையைத் திறந்து சோதிப்பார்கள். 2010ல் கனமழை காரணமாக, ஓட்டம் தொடங்கிய சில மணி நேரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். பல மாதம் பயிற்சி எடுத்து வந்தவர்களுக்கு வருத்தம் இருந்திருக்கும். மேலே இருக்கும் மூணு பல்பு கணக்கைத் தெரிந்தவர்களுக்கு அந்த முடிவு புரியும்.

அடுத்த ஆகஸ்ட் கடைசியில் ஷாமொனியில் வெள்ளிக்கிழமை மாலை, நம்ம நேரத்துக்கு இரவு, இந்த ஓட்டத்தை ஆன்லைனில் நேரலையாகக் காட்டுவார்கள். முன்னணியில் யார் என்பதை மட்டும் பார்க்காதீங்க. கணவாய்க்குக் கொஞ்சம் முன்னாடி, இன்னும் உடம்பு சூடாக இருக்கும்போதே, யார் நின்னு ஜாக்கெட் போடுறாங்கன்னு பாருங்க. அந்த அரை நிமிஷத்தை வீணாக்கினதா நினைச்சுடாதீங்க.