புதுச்சேரியில் இணையக் கட்டணத் தகராறுகளும் நுகர்வோர் ஆணையத்தின் அதிகார வரம்பும்

ஆய்வுச் சுருக்கம்

இணையச் சேவைக் கட்டணம் தவறாகக் கணக்கிடப்பட்டால் நுகர்வோர் மன்றத்தை நாடலாமா என்ற வினாவிற்கு 2009 முதல் 2022 வரை உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று தடையாக நின்றது. அத்தடை நீங்கிய முறையையும், புதுச்சேரிப் பயனாளருக்கு அதனால் விளையும் பயனையும், எஞ்சியுள்ள வரம்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

துண்டித்த இணைப்பிற்குத் தொடரும் மாத வாடகை, கேட்டுப் பெறாத கூடுதல் சேவைக்கான கட்டணம், திருப்பித் தரப்படாத வைப்புத்தொகை எனக் கட்டணத் தகராறு பல வடிவங்களில் எழுகிறது. தொகை சிறிதாக இருக்கும்போது பயணச் செலவும் வழக்குச் செலவும் அதனை எளிதில் விஞ்சிவிடும். ஆகவே, உரிமை உண்டா என்பதைப் போலவே, அதனை எங்கே கோரலாம் என்பதும் முதன்மை பெறுகிறது.

தடையும் நீக்கமும்

1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவு, தந்தி இணைப்பு, கருவி தொடர்பான தகராறுகளை மத்திய அரசு நியமிக்கும் நடுவரே தீர்க்க வேண்டும் என்றது. கோழிக்கோட்டில் எழுந்த தொலைபேசிக் கட்டண வழக்கொன்றில், இச்சிறப்புச் சட்டம் இருப்பதால் நுகர்வோர் மன்றத்திற்கு அதிகாரம் இல்லை என உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது.

இந்நிலையை மாற்றியது அகமதாபாத் வழக்கு. மாத வாடகை 249 ரூபாய் கொண்ட வோடபோன் இணைப்பிற்கு 2013 நவம்பர், டிசம்பர் காலத்தில் 24,609 ரூபாய்க்கு மேல் கட்டணம் விதிக்கப்பட்டது. நுகர்வோர் மாவட்ட மன்றத்தை நாடினார். நிறுவனம் 7பி பிரிவைச் சுட்டி மறுத்தது. 2022 பிப்ரவரி 16 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, நடுவர் முறை இருப்பதால் மட்டும் நுகர்வோர் மன்றத்தின் அதிகாரம் நீங்கிவிடாது என்றது. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் தீர்வு பிற சட்டங்களின் தீர்வுகளுக்குக் கூடுதலானது என்பதே அதன் அடிப்படை. 2019ஆம் ஆண்டுச் சட்டமோ 'சேவை' என்பதன் வரையறையிலேயே தொலைத்தொடர்பைச் சேர்த்துள்ளது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவும் நுகர்வோர் சட்டத்தின்கீழ்த் தீர்வு நாடும் உரிமையைக் காக்கிறது.

புதுச்சேரியின் தனிநிலை

பிரெஞ்சு ஆட்சியின் எச்சமாகப் புதுச்சேரி ஒன்றியப் பகுதி நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. தொலைத்தொடர்பு உரிமப் பகுதிகளோ மாநில எல்லைகளைத் தழுவி அமைந்தவை. அதனால் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு வட்டத்திலும், மாஹே கேரள வட்டத்திலும், ஏனாம் ஆந்திர வட்டத்திலும் அடங்கும்.

ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) 2012ஆம் ஆண்டு விதிமுறைகள் நிறுவனத்திற்குள்ளேயே இரண்டு படிகளை அமைத்தன. முதலில் புகார் மையம். அங்கு நிறைவான தீர்வு கிடைக்காவிடில் 30 நாள்களுக்குள் மேல்முறையீடு. மேல்முறையீடு 39 நாள்களில் முடிக்கப்பட வேண்டும். தனிநபர் புகாரை டிராய் தானே விசாரிப்பதில்லை. இவ்வாறு நிறுவன வழியிலான தீர்வு, புதுச்சேரிப் பயனாளரைத் தமிழ்நாடு வட்ட அமைப்பையே சார்ந்திருக்கச் செய்கிறது.

நுகர்வோர் சட்டம் வேறு வழி காட்டுகிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, முறையீட்டாளர் தாம் வாழும் அல்லது பணிபுரியும் இடத்திலேயே முறையிடலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருப்பினும், புதுச்சேரி நகரவாசி புதுச்சேரி மாவட்ட ஆணையத்தை நாட இயலும். செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்வரை இருப்பின் முறையீட்டுக் கட்டணம் இல்லை. தகராறுக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

எஞ்சும் வரம்புகள்

முதலாவது, வணிக நோக்கில் பெறும் சேவை பொதுவாக நுகர்வோர் வரையறைக்குள் வராது. சுயதொழில்வழி வாழ்வாதாரத்திற்கான பயன்பாடு மட்டும் விலக்குப் பெறும். விருந்தினர் இல்லங்கள் மிகுந்த புதுச்சேரியில் இவ்வேறுபாடு நுண்ணியது. குடும்பத்தினர் தாமே நடத்தும் சிறு தங்குமிடத்தின் இணைப்பும் பெரிய விடுதியின் இணைப்பும் ஒரே தட்டில் வைத்து நோக்கத்தக்கவை அல்ல.

இரண்டாவது, இடையில் விலகுவோருக்கு அளவுமீறிய தண்டம் விதிக்கும் ஒப்பந்த விதியை 'நேர்மையற்ற ஒப்பந்தம்' என எதிர்ப்பதாயின், மாவட்ட ஆணையத்தை அன்றி மாநில ஆணையத்தையே நாட வேண்டும். தவறான கணக்கீடு சேவைக் குறைபாடு; ஒப்பந்த விதியே அநீதியானது என்பது வேறு வழக்கு. இரண்டையும் கலந்து முறையிட்டால் அதிகார வரம்பு குறித்த எதிர்வாதத்திற்கு இடம் உண்டாகும்.

மூன்றாவது, சான்று. பயன்பாட்டுப் பதிவுகள் நிறுவனத்தின் கையில் உள்ளன. புகார் பதிவு எண், கட்டணப் பட்டியல், இணைப்பைத் துண்டிக்கக் கோரிய கடிதம் ஆகியவையே பயனாளரிடம் எஞ்சுபவை. பட்டியல் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறையாகக் கருதுவது இதனால் பொருளுடையதாகிறது.

முடிவுரை

2022ஆம் ஆண்டுத் தீர்ப்பு மூடியிருந்த வழியைத் திறந்தது. 34ஆம் பிரிவு அவ்வழியைப் பயனாளரின் ஊருக்கே கொண்டுவந்தது. தொலைத்தொடர்பு வட்டம் வேறொரு மாநிலத்தின் பெயரில் அமைந்த புதுச்சேரிக்கு இவ்விரண்டாம் மாற்றமே கூடுதல் பயன் தருவது. ஆயினும், பதிவுகளை முன்வைக்கும் பொறுப்பு நிறுவனத்தின்மேல் தெளிவாகச் சுமத்தப்படும்வரை, சில நூறு ரூபாய்த் தகராறில் பயனாளர் பெற்ற உரிமை முழுமை பெறாது.