எந்த லினக்ஸ் என்பது கடைசிக் கேள்வி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத பழைய லேப்டாப்புகள் பல இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் லினக்ஸ் பக்கம் திரும்பினால், உபுண்டு, மின்ட், ஃபெடோரா, ஆர்ச், பாஸைட், நோபாரா, கேச்சி ஓஎஸ் என்று பெயர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கேமும் ஆட வேண்டும், வீடியோ எடிட்டிங், ஓவியம், இசை என்று வேலையும் பார்க்க வேண்டும் என்பவர் இவற்றில் எதை எடுப்பது?

பெயரில் தொடங்காமல் இருப்பதே நல்லது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிதான் இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம். அதோடு டிரைவர்கள், திரைச்சூழல், மென்பொருள்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டிக் கொடுப்பது டிஸ்ட்ரோ. உபுண்டுவில் ஓடும் 3டி மென்பொருளான பிளெண்டர்தான் ஃபெடோராவிலும் ஓடுகிறது. வேறுபடுவது முக்கியமாக இரண்டு: புதிய கெர்னலும் டிரைவரும் எவ்வளவு வேகமாக வந்து சேரும்? அப்டேட் ஒன்று கெடுத்துவிட்டால் பழைய நிலைக்கு எவ்வளவு எளிதாகத் திரும்பலாம்?

அதற்கு முன்பு லேப்டாப்பில் இருக்கும் கிராபிக்ஸ் சிப் எது என்று பாருங்கள். ஏஎம்டி, இன்டெல் என்றால் கவலை குறைவு. அவற்றின் டிரைவர்கள் கெர்னலிலும் மெசா என்ற திறந்த மென்பொருள் தொகுப்பிலும் தயாராக இருக்கின்றன. என்விடியாவின் கதை வேறு. 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டித் திட்டியது இந்த நிறுவனத்தைத்தான். 2022-இல் அது டிரைவரின் கெர்னல் பகுதிக்கான மூலநிரலைத் திறந்துவிட்டது. மீதியை இன்னும் திறக்கவில்லை. லேப்டாப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான நேரம் திரையைக் கவனிப்பது பிராசசரோடு இருக்கும் சிறிய சிப். கேம் ஓடும்போது மட்டும் என்விடியா சிப் படத்தை வரைந்து அதனிடம் ஒப்படைக்கும். இந்தக் கைமாற்றம் சரியாக அமையாவிட்டால் கேம் திணறும், அல்லது பேட்டரி வேகமாகக் காலியாகும்.

அடுத்தது கேம்கள். விண்டோஸுக்காக எழுதிய கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது? 1993-இல் தொடங்கிய வைன் திட்டத்தை அடிப்படையாகக் கொண்டு வால்வ் நிறுவனம் 2018-இல் புரோட்டானை வெளியிட்டது. இது விண்டோஸ் கணினியைப் போலி செய்வதில்லை. கேமின் கட்டளைகள் நேராகப் பிராசசரிலேயே ஓடுகின்றன. விண்டோஸிடம் கேட்கும் உதவிகளை மட்டும் இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போல வாங்கி லினக்ஸுக்குச் சொல்கிறது. படம் வரையச் சொல்லும் டைரக்ட்3டி அழைப்புகளை, லினக்ஸ் டிரைவர்களுக்குப் புரியும் வல்கன் அழைப்புகளாக மாற்றுகிறது. போலி செய்யாமல் மொழிபெயர்ப்பதே வேகம் பெரிதாகக் குறையாததற்குக் காரணம். 2022-இல் வந்த வால்வின் ஸ்டீம் டெக் கையடக்கக் கருவி விண்டோஸ் கேம்களை ஓட்டுவது இதை நம்பித்தான்.

புரோட்டானாலும் தாண்ட முடியாத சுவர், ஆன்லைன் கேம்களில் திருட்டாட்டத்தைத் தடுக்கும் மென்பொருள். வாலரன்ட் கேமின் வான்கார்டு விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே போய் உட்காருகிறது. லினக்ஸில் அதற்கு இடமே இல்லை. ஃபோர்ட்நைட்டும் ஓடாது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் ஒரு காலத்தில் ஓடியது. 2024-இல் கதவைச் சாத்திவிட்டார்கள். எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் இது மாறாது. இவைதான் உங்கள் கேம்கள் என்றால் விண்டோஸைத் தனி எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்வதே வழி.

படைப்பு வேலையிலும் இதே கணக்குதான். பிளெண்டர், ஓவியத்துக்கான கிரிட்டா, இங்க்ஸ்கேப், வீடியோவுக்கான கேடென்லைவ், இசைக்கான ஆர்டர் எல்லாம் லினக்ஸில் வீட்டுப் பிள்ளைகள். ஃபோட்டோஷாப்பும் பிரீமியரும் லினக்ஸுக்கு வரவில்லை. டாவின்சி ரிசால்வ் உண்டு. ஆனால் அதன் இலவச லினக்ஸ் பதிப்பு எச்.264, எச்.265 வீடியோக்களைத் திறக்காது. போனில் எடுக்கும் வீடியோ பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. முதலில் வேறு வடிவத்துக்கு மாற்றித்தான் எடிட் செய்ய வேண்டும்.

இத்தனைக்கும் விடை கிடைத்த பிறகு டிஸ்ட்ரோவுக்கு வரலாம். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும். ஐந்து ஆண்டு பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். மின்ட் அதன் மேல் கட்டப்பட்டது. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு பதிப்பின் ஆயுளும் ஏறத்தாழ 13 மாதம். என்விடியா டிரைவரை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆர்ச்சில் பதிப்பு என்பதே கிடையாது, அப்டேட் வந்துகொண்டே இருக்கும்.

புதிதாகச் சந்தைக்கு வந்த லேப்டாப்புக்கு ஃபெடோராவின் வேகம் தேவை. அதன் சிப்பைப் பழைய கெர்னலுக்கு அடையாளமே தெரியாமல் போகலாம். ஜிடிஎக்ஸ் 1050, 1060 போன்ற பழைய சிப் உள்ள லேப்டாப்புக்கு அதே வேகம் பகை. அந்தத் தலைமுறைக்கான ஆதரவை 580 வரிசை டிரைவரோடு முடித்துக்கொள்வதாக என்விடியா அறிவித்துவிட்டது. புதியதை உடனுக்குடன் தரும் டிஸ்ட்ரோவில் ஒருநாள் அப்டேட் செய்ததும் திரை இருண்டு போகலாம். அங்கே மின்ட்தான் பொருத்தம்.

ஸ்டீம் டெக்கின் இயங்குதளம் ஆர்ச்சில் பிறந்தது என்பதால் கேமுக்கு ஆர்ச்தான் சிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வால்வ் அதைத் தன் கருவியில் சோதித்து, முழு இயங்குதளத்தையும் ஒரே பிம்பமாக அனுப்புகிறது. ஆர்ச்சை நேரடியாகப் போட்டால் அந்தச் சோதனை உங்கள் தலையில் விழும். ஃபெடோராவின் மேல் கட்டிய பாஸைட், வால்வின் பாணியைப் பின்பற்றுகிறது. அப்டேட் சரியில்லை என்றால், கணினியைத் திரும்பத் தொடங்கும்போது முந்தைய பிம்பத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். நாளைக்கு வேலையை ஒப்படைக்க வேண்டியவருக்கு இந்த வசதி பெரியது.

நிறுவும் முன்பு பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, மூடித் திறந்தால் விழிப்பது, திரை வெளிச்சம், வரைபலகைப் பேனாவின் அழுத்தம் எல்லாவற்றையும் சோதியுங்கள். நிறுவும்போது உங்கள் கோப்புகளுக்கான ஹோம் பகுதியைத் தனியாகப் பிரித்துவிட்டு, அதன் நகல் ஒன்றை வெளி டிஸ்க்கிலும் வையுங்கள். அதன்பின் டிஸ்ட்ரோ பிடிக்கவில்லை என்றால் ஒரு மாலை நேரத்தில் மாற்றிவிடலாம். லேப்டாப்பை அப்படி மாற்ற முடியாது. அதனால் வாங்கும்போது கிராபிக்ஸ் சிப்பைப் பார்க்கச் செலவிடும் நேரம், டிஸ்ட்ரோ தேடச் செலவிடும் நேரத்தைவிட அதிகமாக இருக்கட்டும்.