பரணில் தூங்கும் குரல்

பழைய வால்வு ரேடியோவுக்கு மீண்டும் மவுசு. ஆனால் அதை எழுப்ப ஆசைப்படும் புதியவர் முதலில் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு: பிளக்கைச் செருகுவது.

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் கிராமபோன் புனல்களுக்கும் கப்பல் விளக்குகளுக்கும் நடுவே அவை அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. மர்ஃபி, புஷ், பிலிப்ஸ், ஜி.இ.சி., நேஷனல் எக்கோ. பாலிஷ் மங்கிய மரப்பெட்டி, தந்த நிறக் குமிழ்கள், கண்ணாடி டயலில் டெல்லி, சிலோன், லண்டன் என்று ஊர்ப் பெயர்கள். வாங்க வருபவர்களில் பலருக்கு அது வரவேற்பறை அலங்காரம். சிலர் மட்டும் பெட்டியைத் திருப்பி, பின்பக்க அட்டையை விலக்கி, டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். உள்ளே வால்வுகள் மிச்சம் இருக்கின்றனவா என்பதுதான் அவர்கள் கவலை.

கவலை நியாயமானது. வால்வுகள் பொருத்திய உலோகத் தட்டான சேசிஸை எடைக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் எஃப்.எம்., ப்ளூடூத் போர்டைப் பொருத்தி விற்பவர்கள் உண்டு. பாட்டு வரும், விளக்கு எரியும். ஆனால் குடல் உருவப்பட்ட பெட்டி மறுபடி ரேடியோ ஆவது அபூர்வம்.

ஒரு காலத்தில் வீட்டின் மதிப்பை உயர்த்திய பொருள் இது. அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' 1952-ல் ரேடியோ சிலோனில் தொடங்கியது. 1957-ல் விவித் பாரதி வந்தது. ரேடியோ வைத்திருக்க தபால் அலுவலகத்தில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். அந்த முறை 1980-களில்தான் ஒழிந்தது. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961 முதல் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. பிறகு டிரான்சிஸ்டர் வந்து, வால்வு செட்டுகள் பரணுக்கு ஏறின.

சீரீஸ் பல்பு

பரணிலிருந்து இறக்கியதும் பாடுகிறதா என்று பார்க்கத் துடிப்பது இயல்பு. பல செட்டுகள் நிரந்தரமாகச் சாவது அந்தத் துடிப்பில்தான். காரணம், வால்வுகள் அல்ல, கண்டென்சர்கள். மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் பல ஆண்டு சும்மா கிடந்தால் உள்ளே உலர்ந்துவிடும். மெழுகு பூசிய பேப்பர் கண்டென்சர்கள் மும்பை, கல்கத்தா போன்ற ஊர்களின் ஈரத்தைக் குடித்து மின்சாரத்தைக் கசியவிடும். இந்த நிலையில் 230 வோல்ட் நேராகப் பாய்ந்தால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து போகலாம். அதற்கு மாற்று கிடைப்பது அரிது.

எனவே முதல் வேலை சுத்தம் செய்வது. தூசு, கரப்பான் எச்சம், எலி கடித்த வயர்களை நீக்க வேண்டும். ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. வால்வைக் கழற்றி மல்டிமீட்டரில் ஹீட்டர் இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஒன்பது முள் கொண்ட பொதுவான வால்வுகளில் பெரும்பாலும் 4, 5-வது முட்கள்தான் ஹீட்டர்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது மெக்கானிக்குகளின் பழைய தந்திரம் உதவும்: செட்டுடன் 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைப்பது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து எச்சரிக்கும். நிலைமை பரவாயில்லை என்றால் சற்றுப் பிரகாசித்துவிட்டு மங்கும். இதற்கு எல்.இ.டி. பல்பு உதவாது; இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும்.

குற்றவாளி ஒருவன்

சாதாரண ஐந்து வால்வு செட்டில் வேலைப் பிரிவினை தெளிவாக இருக்கும். இசிஎச் 81 போன்ற வால்வு, எந்த ஸ்டேஷனின் அலையையும் 455 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதை ஒட்டிய ஓர் அலைவரிசைக்கு மாற்றும். அடுத்தது அதைப் பெருக்கும். பிறகு ஒலி பிரித்தெடுக்கப்பட்டு, இஎல் 84 போன்ற வால்வு ஸ்பீக்கரை இயக்கும். இசட் எழுத்துள்ள இஇசட் 80, ஏ.சி.யை டி.சி. ஆக்கும்.

இதில் புதியவர் முதலில் மாற்ற வேண்டிய பாகம் ஒன்று உண்டு. ஸ்பீக்கரை இயக்கும் வால்வின் கிரிட்டுக்கு ஒலியைக் கொண்டு செல்லும் சின்னக் கண்டென்சர். பெரும்பாலும் 0.01 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும். அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி, வால்வு அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுக்கும். வால்வும் போகும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போகும். 630 வோல்ட் தாங்கும் புதிய பிலிம் கண்டென்சர் ஒன்று, கிடைக்காத இரண்டு பாகங்களைக் காப்பாற்றுகிறது.

மற்றக் கண்டென்சர்களை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் செட்டைச் சோதிக்க வேண்டும். பத்தை ஒரே மூச்சில் மாற்றினால், தவறு எங்கே நேர்ந்தது என்று தெரியாது. இன்னொரு தூண்டுதலும் உண்டு: அலுமினியக் கூடுகளுக்குள் இருக்கும் ஐ.எஃப். காயில்களின் திருகைத் திருப்பிப் பார்ப்பது. கருவி இல்லாமல் அதைத் தொட்டால் செட் செவிடாகும். திருகு உடைந்தால் காயிலே போச்சு.

தொட்டால் ஷாக்

இந்தப் பொழுதுபோக்கில் உயிருக்கே ஆபத்து உண்டு. சேசிஸுக்கு அடியில் 250 வோல்ட் டி.சி. ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். செட் ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும் என்பது உலகெங்கும் மெக்கானிக்குகளின் விதி.

அதைவிட நயவஞ்சகமானது ஏ.சி./டி.சி. ரகம். சில நகரங்களில் ஒரு காலத்தில் டி.சி. சப்ளை இருந்ததால் இரண்டிலும் ஓடும் செட்டுகள் விற்பனையாகின. இவற்றில் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. வால்வு பெயர்கள் யுசிஎச் 81, யுஎல் 84 என்று 'யு'வில் தொடங்கும். சேசிஸே மெயின் லைனோடு இணைந்திருப்பதால், பிளக்கைத் திருப்பிச் செருகினால் குமிழின் திருகைத் தொட்டாலும் ஷாக் அடிக்கலாம். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் புதியவர் இந்த ரகத்தைத் தொடாமல் இருப்பதே விவேகம். முதல் செட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதாக இருக்கட்டும்.

பாகங்களுக்கு அலைய வேண்டியிருக்கும். மும்பை லாமிங்டன் ரோடு, டெல்லி லஜ்பத் ராய் மார்க்கெட், சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு ஆகிய இடங்களில் புதிய கண்டென்சர்கள் கிடைக்கும். கித்தார் ஆம்ப்ளிஃபையர்களின் புண்ணியத்தில் இஎல் 84 இன்றும் வெளிநாடுகளில் தயாராகிறது. மற்ற பல வால்வுகளுக்குப் பழைய சரக்குதான் கதி.

கேட்க என்ன இருக்கிறது?

எல்லாம் முடிந்து அரை நிமிடம் வால்வுகள் சூடாகி, டயல் விளக்கு எரிந்தால், அடுத்த சிக்கல் காற்றில் இருக்கிறது. பி.பி.சி. தமிழோசை 2017-ல் நின்றது, பி.பி.சி. இந்தியின் சிற்றலை ஒலிபரப்பு 2020-ல் முடிந்தது. அகில இந்திய வானொலியும் பல மத்திய அலை ஒலிபரப்பிகளை மூடிவிட்டது. போதாக்குறைக்கு வீட்டிலுள்ள எல்.இ.டி. விளக்குகளும் சார்ஜர்களும் இரைச்சல் போடுகின்றன. அவற்றை அணைத்து, மொட்டை மாடியிலிருந்து பத்து மீட்டர் ஏரியல் கம்பி இழுத்தால், இரவில் தொலைதூர மத்திய அலை நிலையங்கள் இன்னும் வந்து சேர்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டில், பின்பக்கம் கிராமபோனுக்காக வைத்த துளைகள் வழியே செல்போன் பாட்டையும் கேட்கலாம். ப்ளூடூத்துக்காகக் குடலை உருவ வேண்டியதில்லை.

அனுபவசாலிகளிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கழற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டு, எதை, எந்தத் தேதியில் மாற்றினோம் என்று தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். மெக்கானிக்கைத் தேடி அலையும் காலம் வரும்போது, இன்னும் முப்பது ஆண்டு கழித்து அந்த அட்டையைத் திறப்பவருக்கு அந்தத் தாள்தான் மெக்கானிக்.