மூணாறில் காடு எது?

மாட்டுப்பட்டி போகும் சாலையில் 'போட்டோ பாயின்ட்' என்று ஓர் இடம் உண்டு. கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வரும் வேன்கள் அங்கே நிற்காமல் போவதில்லை. நெட்டை மரங்களுக்கு நடுவே குடும்பம் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சாயங்காலத்துக்குள் 'மூணாறு காட்டில்' என்ற குறிப்போடு அது சொந்தபந்தங்களின் போன்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்தப் பகுதியில் எடுத்த படங்கள் நாலைந்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். பின்னால் நிற்பது யூக்கலிப்டஸ், பூர்வீகம் ஆஸ்திரேலியா. தேயிலைக்கு நடுவே நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலியாதான். எதிர்ச் சரிவில் வெளிர்மஞ்சள் பூவோடு அடைந்து கிடக்கும் வாட்டில், அதாவது நம் மலைக்காரர்கள் சீகை என்கிற மரம், அதுவும் அங்கிருந்து வந்ததே. மறையூர்ப் பக்கம் கோடையில் ஊதாவாகப் பூத்துக் கூட்டம் சேர்க்கும் ஜகரண்டா தென்னமெரிக்கச் சரக்கு. தேயிலையின் பூர்வீகத்தைச் சொல்லவே வேண்டாம். 'பச்சைக் கம்பளம்' என்று எழுதாத பயணக் கட்டுரை இல்லை. அந்தக் கம்பளத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று எழுதியவர்கள் குறைவு. படத்தில் அந்த மண்ணுக்குச் சொந்தமானது எதுவென்று தேடினால் அநேகமாக மூடுபனி மட்டும்தான் மிஞ்சும்.

அப்படியானால் காடு எங்கே? ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் சாலையில் போகிறவர் கண்ணில் எளிதில் படுவதில்லை. சுமார் 1,800 மீட்டருக்கு மேலே, மலை மடியும் இடங்களில், ஓடையைச் சுற்றிக் குட்டை மரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கிளையெல்லாம் பாசி, பாசியில் ஆர்க்கிட், அடியில் கால் புதையும் இலை மக்கு. அதுதான் சோலை. மடிப்பைவிட்டு வெளியே வந்தால் பெரும்பாலும் புல்தான். சோலை மரங்களின் கன்று திறந்தவெளியில் முளைத்தால் பனிக்கால உறைபனியில் கருகிவிடும். புல்லுக்கு அந்தக் கவலை கிடையாது. ஆடுமாடு மேய்த்தவர்கள் தீ வைத்து உண்டாக்கியதுதான் இந்தப் புல்வெளி என்று ஒரு காலத்தில் வாதாடினார்கள். நீலகிரியின் கரிமண் படிவங்களைத் தோண்டி ஆராய்ந்தபோது, இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது தெரிய வந்தது. ஆக, புல்வெளி என்பது காடு அழிந்துபோன இடமன்று. சோலையும் புல்லும் சேர்ந்ததுதான் இந்த மலையின் காடு. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் காப்பாற்ற முடியாது.

இதை எண்ணிக்கையில் சொல்வதைவிட ஒரு தவளையை வைத்துச் சொல்வது எளிது. 2010-இல் அறிவியலுக்கு அறிமுகமான ஒரு புதர்த்தவளை, தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடியின் (2,695 மீட்டர்) உச்சிப் பக்கத்தில் வாழ்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. உடம்பெல்லாம் ஆரஞ்சுச் சிவப்பு, தோலில் கொப்புளம் கொப்புளமாகச் சுரப்பிகள், தவளைக்குப் பொருந்தாத குட்டைக் கால்கள். புல்வெளிக்கு நடுவே குத்துக்குத்தாக வளரும் சிறுமூங்கில் புதர்தான் அதன் உலகம். எந்தச் சுற்றுலாப் பயணியும் அதைப் பார்க்கப் போவதில்லை, பார்க்கவும் வேண்டாம். ஆனால் 'புல்தானே, வெறும் இடம்தானே, மரம் நட்டால் என்ன' என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

மரம் நட்ட கதை தேயிலையின் கதையோடு ஒட்டியது. 1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன்தேவன் மலை குத்தகைக்குப் போனது. அடுத்த அரை நூற்றாண்டில், திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் ஏறி வந்த தமிழர்களின் உழைப்பில், ஒரு நகரமே எழுந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ரயில் ஓடியது. டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகக் கப்பலேறின. 1924-ஆம் வருஷ வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. இன்றும் கிழவர்கள் 'தொண்ணூற்றொம்பதாம் வெள்ளம்' என்று கொல்லம் ஆண்டுக் கணக்கில்தான் சொல்கிறார்கள். தேயிலையை உலர்த்த அடுப்பெரிய வேண்டும்; அடுப்புக்கு விறகு வேண்டும்; சோலை மரம் மெதுவாக வளரும், யூக்கலிப்டஸ் வேகமாக வளரும். காரணம் அவ்வளவுதான். விறகுக்கு யூக்கலிப்டஸ், தோல் பதனிடும் பட்டைக்கு வாட்டில் என்று புல்வெளிகள் ஒவ்வொன்றாக மரத்துக்குள் மறைந்தன. தப்பியது முக்கியமாக இரவிகுளம். அதற்கும் காரணம் ஞானம் அல்ல; வரையாடு சுட துரைமார்களுக்கு ஒரு வேட்டைக்களம் தேவைப்பட்டது. சுடுவதற்காகக் காத்த மலை 1975-இல் சரணாலயமும் 1978-இல் தேசியப் பூங்காவும் ஆனது. 97 சதுர கிலோமீட்டர். உலகிலேயே வரையாடு அதிகமாக வாழும் இடம்.

மற்ற இடங்களில் என்ன ஆனது என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கும் பழனி மலையே போதும். நாற்பது ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வந்த ஆய்வு, அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு தோட்ட மரத்துக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதாகச் சொன்னது. விமானத்திலிருந்து பார்த்தால் பச்சை கூடியிருக்கும். தண்ணீர்க் கணக்கில் பார்த்தால்தான் உறைக்கும். ஊட்டிக்கு அருகே கிளென்மார்கனில் புல்வெளிச் சரிவுகளில் யூக்கலிப்டஸ் நட்டு, ஓடைநீரைப் பல ஆண்டுகள் அளந்தார்கள். முதல் பத்தாண்டில் ஓடையில் 16 சதவீதம் குறைந்தது. வெட்டி, மறுபடி தழைக்கவிட்ட அடுத்த பத்தாண்டில் 25 சதவீதம் போய்விட்டது. மழைநாளில் இந்தக் குறைவு யாருக்கும் தெரியாது. தெரிவது மாசி, பங்குனியில்.

இந்தக் கட்டுரையின் கவலையும் அதுதான். மூணாறை நாம் கேரளத்துச் சுற்றுலாத் தலம் என்று மட்டும் நினைக்கிறோம். ஆனைமுடிக்கு மேற்கே விழும் மழை முதிரப்புழை வழியாகப் பெரியாறுக்குப் போகிறது. 1940-இலிருந்து பள்ளிவாசலில் மின்சாரமும் ஆகிறது. கிழக்கே விழுவது பாம்பாறாகி, மறையூரைக் கடந்து, சின்னாறோடு சேர்ந்து அமராவதி அணைக்கு வருகிறது. உடுமலை, தாராபுரம், கரூர் என்று அதை நம்பியிருக்கும் ஊர்களின் பட்டியல் நீளம். பாம்பாற்றின் தலைமாட்டில் இருப்பது வட்டவடை. பூண்டுக்கும் காய்கறிக்கும் பேர்போன அந்தப் படிவயல்களைச் சுற்றி நிற்கும் 'கிராண்டிஸ்' என்கிற யூக்கலிப்டஸ் மரங்களால் ஊற்றுகள் வற்றிவிட்டதாக அங்குள்ள விவசாயிகளே பல காலமாகப் புலம்புகிறார்கள். நட்டவர்களிலும் அவர்கள் உண்டு. காய்கறி கை கொடுக்காத வருஷத்தில் நின்ற மரம் காசாகும் என்ற கணக்கு தவறென்று கீழேயிருந்து சொல்வது சுலபம்.

நிலச்சரிவையும் இதில் சேர்த்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் தொழிலாளர் லயங்கள் புதைந்து 70 பேர் போனார்கள். அந்தச் சரிவு தொடங்கியது தேயிலைத் தோட்டத்தில் அல்ல, மேலே இரவிகுளம் பூங்காவின் மலைச்சரிவில். அன்றைய பேய்மழைக்கு எந்த மண்ணும் பிடித்து நின்றிருக்காது. அந்தச் சாவுகளை யூக்கலிப்டஸுக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவது நியாயமில்லை.

வேறோர் எதிர்வாதம் இதைவிடக் கனமானது. பழைய வாட்டில் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே வருகின்றன, வெட்டாமல் விட்டாலே காடு திரும்பிவிடும் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். கன்று வருவது உண்மைதான். ஆனால் நிழலில் வருவது சோலை, புல் வராது. புல் போன இடத்தில் வரையாடும் இல்லை, குறிஞ்சியும் இல்லை. வாட்டிலைச் சும்மா விட்டால் அது விட்ட இடத்தில் நிற்பதும் இல்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் மொத்தமும் முளைக்கும். ஆனைமுடிச் சோலைப் பூங்காவின் பழத்தோட்டம் பகுதியில், எரிந்துபோன வாட்டில் காட்டில் உள்ளூர்க்காரர்கள் புல்லை நாற்றாக வளர்த்து நட்டு, முளைக்கும் வாட்டிலைப் பிடுங்கிப் பிடுங்கி, புல்வெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டிருக்கிறார்கள். முடியும் என்பதற்கு அது சாட்சி. ஒருமுறை செய்து கைகழுவ முடியாத வேலை என்பதற்கும் அதுவே சாட்சி.

சரி, பயணிக்கும் இதற்கும் என்ன? நிறைய இருக்கிறது. இரவிகுளத்தில் அனுமதி ராஜமலையில் மட்டும். வரையாடு குட்டி போடும் பருவத்தில் அதற்கும் பூட்டு. மற்ற நாட்களில் பூங்காவின் பஸ்ஸில் ஏறி, இறங்கி, தார்ச்சாலையில் நடந்து, ஆடு தெரிந்தால் படம், தெரியாவிட்டால் ஏமாற்றம் என்று முடிகிறது. இந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்வதற்கில்லை. சோலைக்குள் ஆயிரம் ஜோடிக் கால்கள் இறங்கினால் இலை மக்கு சேறாகிவிடும். குறை, காட்டுவதில் இருக்கிறது. அந்தத் தார்ச்சாலையில் நின்றபடியே எதிர் மடிப்பில் சோலையும், அதிலிருந்து கசியும் ஓடையும், அதைச் சூழ்ந்த புல்லும் தெரிகின்றன. இதைக் கூட்டத்துக்கு நிறுத்திச் சொல்ல, மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் முதுவர் பழங்குடியினரைவிடத் தகுதியானவர் யார்? அவர்கள் பூங்காவில் ஏற்கெனவே வேலை பார்க்கிறார்கள், பெரும்பாலும் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறவர்களாக.

கூட்டத்தால்தான் வருமானம், அதைக் கெடுக்காதீர்கள் என்பது ஊர் வியாபாரிகளின் வாதம். அதிலும் பொருள் உண்டு. 2006-இலும் 2018-இலும் பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து 2030-இல் வரவேண்டும். கடந்த முறை வெள்ளம் பாதையை உடைத்து, பூவையும் கெடுத்து, கூட்டத்தைத் தானாகக் குறைத்தது. அடுத்த முறை அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பூ பார்க்க வருகிறவரிடம் வாங்கும் டிக்கெட் காசில் ஒரு பங்கை, பழத்தோட்டத்தில் நடந்ததைப் போல வாட்டில் பிடுங்குகிற கூலிக்கென்று தனியாக எழுதி வைப்பதை இப்போதே தொடங்கினால், குறிஞ்சி பூக்கும் ஆண்டுக்குள் இன்னும் சில மடிப்புகளில் புல் வந்திருக்கும்.