மயிலுக்குப் பின்னால்

வீட்டை அலங்கரிப்பது எப்படி என்று சகோதரிகள் பலர் எழுதிப் படித்திருக்கிறேன். அலங்கரித்த வீட்டை விற்பது எப்படி என்று யாரும் எழுதக் காணோம். அந்த அனுபவம் எனக்கு உண்டு.

என் மாமனார் ஓவிய ஆசிரியர். ஓய்வு பெற்ற கையோடு, கயத்தாறில் தாம் கட்டிய வீட்டையே வரையும் நோட்டாக்கிக்கொண்டார். 2002-ல் நான் மருமகளாக வந்தபோது பட்டாசாலையின் உள்கூரை கருநீலம். அதில் வெள்ளி நட்சத்திரங்கள். தூண்களில் தூத்துக்குடிச் சிப்பியும் சோழியும். வாசலில் ஒரு சிமெண்டு ஆமை. இருட்டில் அதில் இடறாத விருந்தாளி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல், வடக்குச் சுவரில் ஒரு மயில். உடைந்த தட்டு, கோப்பை, வளையல் துண்டுகளைப் பதித்துச் செய்தது. ஜன்னல் மூலையில் தலை. தோகை சாய்வாக இறங்கித் தரையைத் தொடும். கழுத்தின் நீலம் மட்டும் அத்தைக்குச் சீராக வந்த கோப்பைகள். "உடைஞ்சதும் அழுதேன். அவுக அதை மயிலாக்கிட்டாக" என்பார் அத்தை.

2017-ல் மாமா காலமானார். மறு வருஷம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. வீட்டில் அவளுக்கும் பங்குண்டு, நியாயம்தானே? "தை மாசத்துக்குள்ள குடுத்தாப் போதும் மதினி" என்றாள். கையில் ரொக்கம் ஏது! விற்பதென்று முடிவாயிற்று.

தரகரிடம் 18 லட்சம் என்றோம். வந்தவர்கள் சுற்றிப் பார்த்தார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். "பாக்க நல்லாத்தான் இருக்கு, படுத்தா தூக்கம் வருமா?" என்றார் ஓர் அம்மாள். இன்னொருவர், பெயர்க்கிற கூலி, பூச்சு, பெயிண்ட் எல்லாம் வாய்க்கணக்காகப் போட்டு 13 என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாம் ஆசையாய்ச் செய்ததை வாங்குகிறவர் விலையில் கூட்டுவதில்லை. அதை எடுக்க ஆகும் செலவைத்தான் கழிக்கிறார்.

எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமா இந்தக் கதி? செட்டிநாட்டு வீடுகளுக்கு என்ன குறைச்சல்? பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு! ஆனாலும் பங்காளிகள் பெருகி, பராமரிக்க முடியாமல் பல வீடுகள் பிரிக்கப்பட்டன. தூணும் நிலைக்கதவும் தனித்தனியாகக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. சில வீடுகள் தங்கும் விடுதிகளாகித் தப்பின. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், ஒரு செட்டிநாட்டு வீட்டையே கொண்டுவந்து எழுப்பியிருக்கிறார்கள். எங்கள் ஆமையை எந்த மியூசியம் கேட்கப் போகிறது?

ஆவணியில் ஒரு பெரியவர் வந்தார். கரிசல்காட்டுக்காரர். மயிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கும்மா இப்படிச் சாய்ஞ்சு இறங்குது?" என்றார். எனக்கு விளங்கவில்லை. ஆனால் என் கணவர் முகம் மாறிவிட்டது.

எங்கள் மண் அப்படி. ஐப்பசி மழையில் நீரைக் குடித்து உப்பும். சித்திரை வெயிலில் காய்ந்து, கை நுழைகிற அளவு வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமில்லாத வீடு அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். அடிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு மணலோ சரளையோ இட்டு இறுக்க வேண்டும். இல்லையென்றால், அடியில் குமிழ்போல் பருத்த கான்கிரீட் தூண்களை ஆழமாக இறக்க வேண்டும். மாமா கட்டிய நாளில் அதற்கு வசதியில்லை.

ராத்திரி அவர் சொன்னார்: "விரிசல் இருந்துச்சு. அதை மறைக்கத்தான் அப்பா மயிலை வச்சாரு."

"வாயைத் திறக்காதீங்க" என்றார் தரகர். பத்திரம் எழுதுகிறவரோ, 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவைச் சொன்னார். சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரியாத பெரிய குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை வாங்குகிறவரிடம் சொல்லியே ஆகவேண்டுமாம். நாங்கள் இரண்டு நாள் மென்று விழுங்கினோம். அத்தைதான் வாய் திறந்தார்: "ஏய்யா, பேத்து எடுத்துரு. மறைச்சு வித்த காசுல பேத்திக்குத் தாலி வேண்டாம்."

கொத்தனார் பெயர்த்த அன்று அத்தை புறவாசலிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே விரல் நுழைகிற விரிசல், தோகையின் அதே சாய்வில். விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டு வைத்து ஒட்டித் தேதி எழுதினோம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். (வீடு வாங்கப் போகும் சகோதரிகளே, ஜன்னல் மூலையையும், புதிதாகப் படமோ பலகையோ மாட்டிய சுவரையும் நிதானமாகப் பாருங்கள்.)

மழைக்காலம் முழுதும் காலையில் எழுந்ததும் எனக்கு அதைப் பார்ப்பதே வேலை. கார்த்திகையில், தரைக்கு அருகில் இருந்தது மட்டும் உடைந்தது. அந்தப் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். "தெரிஞ்ச விரிசலுக்கு வைத்தியம் உண்டும்மா" என்றார். 14½ லட்சத்துக்கு முடிந்தது. நாத்தனார் பங்கு தைக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது.

மயிலின் கழுத்துத் துண்டுகளை அத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டார். நட்சத்திரங்களின்மேல் இப்போது வெள்ளைச் சுண்ணாம்பு. ஆமையை மட்டும் அந்தப் பெரியவர் இடிக்கவில்லை. அவர் பேரன் அதன்மேல் ஏறிக் குதிரை ஓட்டுகிறானாம்.