உங்களுக்குத் தெரியுமா?

மத்தியப் பிரதேசத்து பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில், 2024 அக்டோபர் இறுதியில், மூன்றே தினங்களில் பத்து யானைகள் மாண்டதற்குக் காரணம், எவரோ வைத்த விஷமும் அன்று, வயலில் தெளித்த பூச்சிமருந்தும் அன்று. பூஞ்சை பிடித்த வரகுப் பயிரே!

• பரேலியிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் அவற்றின் உள்ளுறுப்புகளைப் பரிசோதித்தபோது, பூச்சிக்கொல்லி எதுவும் தென்படாமல், சைக்ளோபியசோனிக் அமிலம் என்னும் பூஞ்சை நஞ்சே வெளிப்பட்டது.

• கதிர் முற்றும் தருணத்தில் மழையும் ஈரமும் சேர்ந்தால் வரகில் இப்பூஞ்சை பற்றும். அதனை உண்ட மனிதருக்கும் மயக்கம், வாந்தி, நடுக்கம் உண்டாகும். சிறுதானியம் விளையும் தமிழகத்துக் கரியாலூர் போன்ற மலையூர்களில், பல்லிடைக் கடித்தால் படீரென உடையுமளவு மணியை வெயிலில் உலர்த்துவது எத்துணை அவசியம்!

• நன்கு காய்ந்த வரகோ ஆண்டுக்கணக்கில் கெடாது; கோயிற் கலசங்களில் நிரப்பப்படுவதும் அதுவே.